மத்தியானம் மட்டும் இடம் மாறிய செவ்வாய்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது, "உங்க சாதனைகளைப் பத்தி எழுதுங்க சார்" என்றார்கள். உட்கார்ந்து யோசித்தேன். காப்பி ஆறுவதற்குள் சாதனைகள் தீர்ந்துவிட்டன. தவறுகள் என்றால் கையிருப்பு நிறைய இருக்கிறது. அதில் ஒன்றை எழுதுகிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும். பயத்தில் அல்ல, பிரமிப்பில்.

உங்களுக்கு இப்போது பிராசசரின் சூடு திரையிலேயே எண்ணாக வந்து நிற்கிறது. அளவு தாண்டினால் மெஷினே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இன்னும் தாண்டினால் அதுவே அணைந்துவிடுகிறது. எங்களுக்கு இருந்த ஒரே தெர்மாமீட்டர் வலது கை ஆள்காட்டி விரல். தொட்டுப் பார்ப்போம். 'ஸ்ஸ்' என்றால் சூடு. 'ஆ' என்றால் ரொம்பச் சூடு. அளவு அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் தாம்பரம் மேற்கில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். மொத்தம் ஐந்து பேர். என் விசிட்டிங் கார்டில் 'சிஸ்டம்ஸ் என்ஜினீயர்' என்று போட்டிருந்தது. அந்த இரண்டு வார்த்தைகளின் கனத்தில் நான் கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்ந்தபடிதான் நடப்பேன். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு டிவி மெக்கானிக் இருந்தார். அவர் டிரான்சிஸ்டருக்கும் அதன் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே ஏதோ வெள்ளைப் பசையைத் தடவுவதைப் பார்த்திருக்கிறேன். சூடு நன்றாகக் கடந்து போவதற்காக என்று எனக்கும் தெரியும். ஆனால் அது டிவிக்காரர்கள் செய்வது. நான் கம்ப்யூட்டர்.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு ஜோசியர் கடை வைத்திருந்தார். வாசலில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று பெரிய போர்டு. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் ராசிக்கட்டம், நவாம்சம், தசாபுத்தி எல்லாம் அச்சாகி வரும். வைத்திருந்ததோ பழைய 386 மெஷின். கணக்குப் போட நிறைய நேரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை ஜனங்கள் கைகட்டி நின்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள்.

அந்த மெஷினுக்கு நான்தான் மதர்போர்டையும் பிராசசரையும் மாற்றினேன். புது 486, நூறு மெகாஹெர்ட்ஸ். ஜோசியர் என்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் ஜாதகம் திரையில் வந்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜோசியருக்குத்தான் முகம் வாடியது.

"என்ன சார் இது, இவ்ளோ சீக்கிரம் வந்தா ஜனங்க நம்புவாங்களா? கொஞ்சம் மெதுவா வர்ற மாதிரி பண்ண முடியாதா?"

"வேகமா போடத்தானே மாத்தினோம்?"

"வேகம் சரி. ஆனா ஒன்பது கிரகமும் இப்படி ஓடி வந்தா மரியாதையா இல்லியே."

அந்தச் சிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு விரலுக்குள் அடங்கும் சதுரம். அதற்குள் லட்சக்கணக்கான சுவிட்சுகள். நானும் ஜோசியரும் பிறந்த அன்று வானத்தில் எது எங்கே இருந்தது என்பதை, நாம் கண் சிமிட்டுவதற்குள் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். இத்தனை வேலை செய்கிறவனுக்கு வேர்க்கத்தானே செய்யும்? பழைய 386 சிப் தலையில் ஒன்றும் இல்லாமல் வெறுமனே உட்கார்ந்திருக்கும். இந்தப் புது ஆளுக்குத் தலைக்கு மேல் 'ஹீட் சிங்க்' என்கிற ஒரு அலுமினியத் தகடு, அதற்கு மேல் தீப்பெட்டி அளவில் ஒரு விசிறி. சிப்பின் சூட்டைச் சிங்க் வாங்கிக்கொள்ள வேண்டும், சிங்கிடமிருந்து விசிறி வாங்கி வெளியே தள்ள வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

இங்கேதான் எங்கள் தொழிலின் ஒரு பழக்கம் குறுக்கே வந்தது. அந்தக் காலத்தில் நாங்கள் விற்கிற ஒவ்வொரு பாகத்தின் மேலும் ஒரு வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டுவோம். காகித ஸ்டிக்கர். அதில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வேறு எங்கோ வாங்கின பொருளை எங்கள் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக. மொத்த வியாபாரி ஒட்டியது ஒன்று, எங்கள் கம்பெனி ஸ்டிக்கர் ஒன்று. இரண்டும் சிப்பின் நெற்றியில். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். மை கலைந்துவிடக் கூடாதே என்று அதன் மேல் செல்லோடேப் வேறு ஒட்டினேன். அதற்கு மேல் சிங்கை வைத்து கிளிப்பை மாட்டினேன். ஜோசியர் ரோட்டுத் தூசிக்குப் பயந்து செய்து வைத்திருந்த மரப்பெட்டிக்குள் மெஷினைத் தள்ளிவிட்டு, ஒரு லெமன் ஜூஸ் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மாசி மாதம் அது. ஒன்றும் ஆகவில்லை.

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துச் சில நாள் கழித்து ஒரு காலையில் ஜோசியர் போன் செய்தார். "சார், மெஷினு நல்லாத்தான் ஓடுது. மனுஷங்கதான் இங்க அடிச்சிக்கிறாங்க. உடனே வாங்க."

போனேன். கடையில் காக்கிச் சட்டையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தணிகாசலம். ரயில்வேயில் வேலை, இரும்புலியூரிலேயே வீடு. கையில் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு பழைய நோட்டு. அவருடைய மகள் பிறந்தபோது ஊரில் யாரோ கையால் எழுதிக் கொடுத்த ஜாதகம். அதைப் பார்த்து கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா பக்தவத்சலம், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், கணக்கு வாத்தியார். "எதுக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி போட்டுக் குடுங்க, சுத்தமா இருக்கும்" என்று கேட்டிருக்கிறார். தணிகாசலமும் இந்தக் கடையில் அச்சடித்து, மடிப்புக் கலையாமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

நோட்டில் செவ்வாய் மூன்றாம் இடத்தில். அச்சில் எட்டாம் இடத்தில்.

எட்டில் செவ்வாய் என்றால் பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம், கணவன் உயிருக்கு ஆகாது என்பார்கள். நம்புகிறவர்கள் வாசற்படியோடு திரும்பிவிடுவார்கள். விஷயம் அதோடு நிற்கவில்லை. ஹெட்மாஸ்டர் நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். செவ்வாய் எழுதிய கட்டத்தில் மை கொஞ்சம் தடித்திருந்ததாம். "தோஷத்தை மறைக்கத் திருத்தி எழுதியிருக்கான்யா" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதையே பள்ளிக்கரணையில் ஒரு விசேஷத்தில் நாலு பேர் நடுவிலும் சொல்லிவிட்டார். பேசிக்கொண்டிருந்த இன்னொரு வரனும் அதோடு நின்றுபோனது.

தணிகாசலம் என்னைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இன்னா சார், நீதான் இந்த மிசினுக்கு என்ஜினீயரா? இருவது வருசமா ரயில்வேல கீறேன். ஒரு மெமோ வாங்கனது இல்ல. என்னைப் போயி கள்ள எழுத்து எழுதினவன்னு சொல்றாங்க. எனுக்கு எழுதவே வராது சார், கையெழுத்து மட்டும்தான் போடுவேன்."

ஜோசியர் பஞ்சாங்கத்தை வைத்துக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். மூன்றுதான். அதை ஹெட்மாஸ்டரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். "நீங்க அவங்க தெருக்காரர், அப்படித்தான் சொல்வீங்க" என்று பதில் வந்திருக்கிறது.

நான் மெஷினைப் போட்டேன். பெண்ணின் பிறந்த தேதி, நேரம், ஊர். என்டர். செவ்வாய் மூன்றில். மறுபடி தட்டினேன். மூன்று. இன்னொரு முறை. மூன்று. தப்பான தாளை வாங்கிப் பார்த்தேன். தேதி, நேரம், ஊர் எல்லாம் எழுத்துக்கு எழுத்து அதேதான். மற்ற எட்டுக் கிரகமும் அதே இடத்தில். செவ்வாய் மட்டும் தனியே கிளம்பி ஐந்து வீடு தள்ளிப் போயிருந்தது.

பிள்ளைகளே, மெஷின் உறைந்து நின்றால் நமக்கு வேலை சுலபம். திரை இருண்டால் சுலபம். ஆனால் ஒரே கேள்விக்கு இரண்டு விடை, அதுவும் இரண்டையும் ஒரே நிதானத்தோடு, அதே அழகான எழுத்தில், கட்டம் கட்டி அச்சடித்துக் கொடுக்கிறது என்றால்? எனக்கு முதுகுத்தண்டில் எறும்பு ஊர்ந்தது.

"இதை எப்போ அச்சடிச்சீங்க?" என்று ஜோசியரைக் கேட்டேன்.

"போன வாரம் மத்தியானம் சார். ஒரு மூணு மணி இருக்கும்."

மத்தியானம் என்றதும் சூடு என்று தோன்றியது. அந்த அளவுக்கு மூளை வேலை செய்தது. பெட்டியைத் திறந்து, விசிறி ஓடுவதைப் பார்த்து, சிங்கின் மேல் விரலை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாருங்க, என்னமா குளிர்ச்சியா இருக்கு! சூடெல்லாம் இல்ல. சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினேன். என் பணி வாழ்க்கையில் நான் சொன்ன முட்டாள்தனமான வாக்கியங்களை வரிசைப்படுத்தினால் இதற்கு முதல் பரிசு. போட்டி கடுமையானது, இருந்தாலும் இதற்குத்தான்.

கம்பெனியில் எங்களுக்கு ஒரு சீனியர் இருந்தார். அவர் பெயர் வேண்டாம். இன்றைக்கு உயிரோடு இருந்திருந்தால் இதை எழுதியதற்கே என்னைத் திட்டியிருப்பார். டிபன் பாக்ஸைப் பிரித்துக்கொண்டே கதையைக் கேட்டார்.

"சிங்க் எப்படி இருந்துச்சு?"

"ஜில்லுன்னு இருந்துச்சு சார்."

"இந்த வெயில்ல, காலைலேருந்து ஓடுற மெஷின்ல, சிங்க் ஜில்லுன்னு இருந்தா நீ ஏன்யா சந்தோஷப்படறே? குக்கர் அடுப்புல இருக்கு, மூடி ஜில்லுன்னு இருக்குன்னா என்னான்னு நினைப்பே? சூடு எங்கய்யா போச்சு?"

சூடு எங்கே போயிற்று. அந்தக் கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில், மாசி மாதத்தில் நான் ரசித்துப் போட்ட கையெழுத்து என் கண் முன்னால் வந்து நின்றது. இரண்டு காகிதம், ஒரு செல்லோடேப், நடுவில் காற்றுக் குமிழி. சிப்புக்குக் கம்பளி போர்த்தி, அந்தக் கம்பளிக்கு மேல் விசிறி வீசிக்கொண்டிருந்திருக்கிறேன். சூடு சிங்குக்கு வரவே இல்லை. அது சிப்புக்குள்ளேயே தங்கி, மத்தியானம் கடை கொதிக்கிற நேரத்தில், தசமக் கணக்குப் போடுகிற பகுதியை மட்டும் தடுமாற வைத்திருக்கிறது. நட்டு கழன்ற மனுஷன் ஊர் பேர் எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, வயதை மட்டும் மாற்றிச் சொல்கிற மாதிரி.

நடந்ததைச் சொன்னேன். சீனியர் தயிர்சாதத்தில் கை வைத்தபடி கொஞ்சம் யோசித்தார்.

"போயி ஸ்டிக்கரை உரிச்சிட்டு, பேஸ்ட் போட்டு மாட்டிட்டு வந்துடு. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதே. இங்க ஜாதகம் மாறுதுன்னு தெரிஞ்சா, நாம மெஷின் போட்ட பத்து இடத்துலயும் கேப்பாங்க."

எனக்கு அது மிகவும் பிடித்த அறிவுரையாக இருந்தது. டிவி மெக்கானிக்கிடம் போனேன். "இன்னா என்ஜினீயரே, நம்ப பசை உங்களுக்கு எதுக்கு?" என்று சிரித்தார். நான் விரலில் சுட்டுக்கொண்டதற்கு என்று சொன்னேன். நம்பாமல் கொடுத்தார்.

கடைக்குத் திரும்பினால், ஜோசியர் பக்கத்தில் சுடிதார் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தணிகாசலத்தின் மகள் கலைச்செல்வி. தாம்பரத்தில் ஏற்றுமதிக்குச் சர்க்யூட் போர்டு செய்கிற ஒரு கம்பெனியில் சால்டரிங் வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் கேட்டாள்.

"அண்ணா, காலைல சரியா வருது, மத்தியானம் தப்பா வருது. சூடுதானே?"

"அது வந்தும்மா, சாஃப்ட்வேர்ல..."

"எங்க கம்பெனியில போர்டை ஓவன்ல வெச்சி, சூட்டுல ஓட்டிப் பாப்போம் அண்ணா. ஆறி இருக்கும்போது பாஸ் ஆவுற போர்டு சூட்டுல ஃபெயில் ஆவும். சூடுதானே?"

சிஸ்டம்ஸ் என்ஜினீயராகிய நான் தலையைக் குனிந்தேன். "சூடுதான்மா. நான் ஒட்டின ஸ்டிக்கர். இதோ அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

"சரி பண்ணாதீங்க."

ஸ்க்ரூ டிரைவர் கையிலேயே நின்றது. எத்தனையோ கஸ்டமர்கள் சீக்கிரம் சரி பண்ணு என்று கத்தியிருக்கிறார்கள். சரி பண்ணாதே என்று ஒருவரும் கெஞ்சியதில்லை.

"நீங்க சரி பண்ணிட்டா, இனிமே மூணுன்னுதான் வரும். அந்த சார் இன்னா சொல்வாரு? மிசினுக்காரனைக் கையில போட்டுகினு மாத்திட்டாங்கன்னு சொல்வாரு. எங்கப்பா கடைசி வரைக்கும் கள்ளன்தான். அவரு கண்ணு முன்னாடி இது தப்பு பண்ணணும் அண்ணா. அப்புறம் சரி பண்ணுங்க."

எனக்குக் கம்பெனியும் சீனியரும் பத்துக் கஸ்டமர்களும் வரிசையாக ஞாபகம் வந்தார்கள். கூடவே, கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த அந்த மனிதரின் முகமும் வந்தது. அவர் போடாத எழுத்துக்கு அவர் கள்ளன். நான் போட்ட கையெழுத்துக்கு நான் யார்? ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டேன். மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு கீழ்க்கட்டளைக்குப் போனேன்.

ஹெட்மாஸ்டர் ஈசிசேரில் இருந்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார், பரீட்சையில் காப்பியடித்தவன் காரணம் சொல்வதைக் கேட்பது போல.

"தம்பி, நான் முப்பது வருஷம் கணக்கு நடத்தினவன். மனுஷன் தப்புப் பண்ணுவான். மெஷின் எப்படிய்யா பண்ணும்? ரெண்டும் ரெண்டும் அஞ்சுன்னு சொல்ல யாரும் அதை மிரட்ட முடியாதே?"

"நான் மிரட்டிட்டேன் சார். என்னோட தப்பு. நாளைக்கு மத்தியானம் வந்து பாருங்க. உங்க கையாலயே தட்டுங்க."

"வர்றேன். அது தப்புப் பண்ணலைன்னா?"

"பண்ணும் சார்" என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கை தரவில்லை.

மறுநாள் பன்னிரண்டரை மணிக்கு எல்லோரும் கடையில் இருந்தோம். ஜோசியர், தணிகாசலம், கலைச்செல்வி, குடையோடு ஹெட்மாஸ்டர், நான். மெஷின் காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒற்றை விரலால் தேதியும் நேரமும் தட்டினார். மூன்று.

கால் மணி கழித்து மறுபடி. மூன்று.

உங்களுக்குத் தெரியும், பழுதான மெஷின் என்ஜினீயர் முன்னால் மட்டும் உத்தமனாக நடந்துகொள்ளும். வாழ்நாள் முழுக்க 'கஸ்டமர் முன்னாடி மட்டும் ஒழுங்கா ஓடிடுப்பா' என்று வேண்டிக்கொண்டவன், அன்றைக்கு முதல்முறையாக 'தயவுசெய்து கெட்டுப்போ' என்று வேண்டிக்கொண்டு நின்றேன். ஒன்றரை மணி. மூன்று. ஜோசியர் எல்லோருக்கும் மோர் கொடுத்தார். இரண்டு மணி. மூன்று. ஹெட்மாஸ்டர் வாட்சைப் பார்த்தார். தணிகாசலம் சுவரோரமாக நின்றபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து அனல் இறங்கியது. கலைச்செல்வி எழுந்து போய் மேலே ஓடிய மின்விசிறியை நிறுத்தினாள். மரப்பெட்டியின் முன்னால் தொங்கிய துணியையும் இழுத்து மூடினாள்.

"என்னம்மா பண்றே?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அதுக்கு வேர்க்கணும் சார்."

எங்களுக்குத்தான் வேர்த்தது. ஹெட்மாஸ்டரின் ஜிப்பா முதுகில் ஒட்டிக்கொண்டது. இரண்டே முக்கால் இருக்கும். அவர் மறுபடி தட்டினார். திரையில் கட்டம் வந்தது. குரு அங்கேயே. சனி அங்கேயே. சந்திரன் அங்கேயே. செவ்வாய் எட்டில்.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உடனே இன்னொரு முறை தட்டினார். எட்டு. பிறகு யாரும் கேட்காமலே தன்னுடைய தேதியையும் நேரத்தையும் தட்டினார். தன் ஜாதகம் அவருக்கு மனப்பாடம். பதினொன்றில் இருக்க வேண்டிய செவ்வாய் நாலில் வந்து நின்றது.

"அறுபத்திரண்டு வருஷமா பதினொண்ணுல இருந்தது" என்றார் மெதுவாக.

நான் என்னவெல்லாமோ மெஷின்களைப் பார்த்தாயிற்று. அந்த நிமிஷத்தைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. எத்தனையோ கோடி மைல் தள்ளி ஒரு கிரகம் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நகம் கனத்தில் ஒரு காகிதம் அதை நகர்த்திவிட்டது. அதோடு ஒரு பெண்ணின் கல்யாணத்தையும், ஒரு மனிதனின் இருபது வருஷப் பேரையும். அந்தச் சிப் ஒரு சத்தமும் போடவில்லை. தான் தடுமாறுகிறோம் என்று அதற்கே தெரியாது.

மெஷினை அணைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் திறந்தேன். கிளிப்பைக் கழற்றிச் சிங்கைத் தூக்கினேன். கீழே பழுப்பேறி, ஓரங்கள் சுருண்டு என் ஸ்டிக்கர். சிப்பின் ஓரத்தில் விரல் பட்டது. 'ஆ' என்று கத்தினேன். என் தெர்மாமீட்டர் சரியாகத்தான் வேலை செய்தது. ஹெட்மாஸ்டர் குனிந்து, செல்லோடேப்புக்குக் கீழே கருகாமல் பத்திரமாக இருந்த கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். தேதியையும் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நான்தான் சார். என்னோட தப்பு" என்றேன். தணிகாசலத்தின் பக்கம் திரும்பி அதையே இன்னொரு முறை சொன்னேன். இரண்டாவது முறைதான் கஷ்டமாக இருந்தது.

உரித்தேன். துடைத்தேன். டிவிக்காரரின் பசையை மெல்லிசாகத் தடவி, சிங்கை உட்கார வைத்து, மெஷினைப் போட்டேன். மரப்பெட்டியின் பின்பலகையையும் கழற்றி வெளியே வைத்தேன். அதே வெயில், அதே அனல். அரை மணி நேரம் ஓடவிட்டு ஹெட்மாஸ்டர் தட்டினார். மூன்று. தன்னுடையதைத் தட்டினார். பதினொன்று. அவர் விரலைப் பிடித்துச் சிங்கின் மேல் வைத்தேன். சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுதேய்யா!"

"சுடணும் சார். இப்பத்தான் சூடு வெளியே வருது."

இதை மட்டும் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டால் சுடுகிற சிங்கைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஓடுகிற மெஷினில் ஜில்லென்று இருக்கிற சிங்கைப் பார்த்துப் பயப்படுங்கள். சீனியரிடம் மறுநாள் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம், நாங்கள் மெஷின் போட்ட பத்து இடத்துக்கும் அவரே என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரோடு போனார். ஒவ்வொரு இடத்திலும் என் கையெழுத்தை உரிக்கிற வேலையை எனக்கே கொடுத்தார்.

மறுபடி அந்த மத்தியானத்துக்கே, அந்தக் கடைக்கே வருகிறேன். ஹெட்மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டார். முகத்தில் ஒரு தெளிவு. "சரி, கணக்கு சரியாப் போச்சு. பொருத்தம் எல்லாம் நல்லாத்தானே இருக்கு? வர்ற முகூர்த்தத்துலயே நிச்சயம் வெச்சுக்கலாம்" என்றார்.

தணிகாசலம் மகளைப் பார்த்தார். கலைச்செல்வி நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"சார், மிசினு தப்பா சொன்னதுக்கு இந்த அண்ணன் வந்து என் தப்புன்னு சொல்லிட்டாரு. எங்கப்பாவைக் கள்ள எழுத்து எழுதினவருன்னு சொன்னது மிசினு இல்லியே சார்?"

ஜோசியர் மோர் டம்ளர்களை அடுக்க ஆரம்பித்தார். நான் ஸ்க்ரூக்களை எண்ணுகிற மாதிரி பாவனை செய்தேன். நாலே நாலு ஸ்க்ரூ. நிறைய நேரம் எண்ணினேன்.

ஹெட்மாஸ்டர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். முப்பது வருஷம் மற்றவர்கள் விடைத்தாளில் சிவப்பு மையால் சுழித்தவர். தணிகாசலத்தின் முன்னால் போய் நின்றார். கைகளைக் கூப்பவில்லை, சும்மா தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"அது மெஷின் இல்ல. நான்தான். தப்பு என்னோடது. பள்ளிக்கரணையில சொன்ன நாலு பேர்கிட்டயும் நானே போயிச் சொல்றேன்."

செவ்வாய் நகர்ந்தபோது வந்த பிரமிப்பைவிட, இது பெரிதாக இருந்தது எனக்கு. தணிகாசலம் பதறிப்போனார்.

"ஐயே, இன்னா சார் நீங்கோ, பெரிய மனுசன். எம்மா நேரமா நின்னுகினு கீறீங்கோ. மொதல்ல உக்காருங்கோ."

ஹெட்மாஸ்டர் உட்காரவில்லை. பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். நின்ற இடத்தில் வேர்வை சொட்டியது. அன்று அவர் வந்ததிலிருந்து அவரை 'சார், சார்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்த கலைச்செல்வி, போய் மின்விசிறி ஸ்விட்சைப் போட்டாள். பிடித்துக்கொண்டிருந்த நாற்காலியை அதன் கீழே நகர்த்தினாள்.

"உக்காருங்க மாமா" என்றாள்.